பூச்சாடியில் எழுதிய பெயர்

நான் சமைக்கிற குசினியின் யன்னலில் வெறும் பூச்சாடி ஒன்று இருக்கிறது. நோர்வேயில், ஹொல்ம்லியாவில் இந்த நாலாம் மாடி வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், இவ்வளவு செடி வளர்க்கிற மனுசி ஏன் இதை மட்டும் வெறுமையாக வைத்திருக்கிறாள் என்று கேட்பார்கள். நான் கதையை மாற்றிவிடுவேன். சாடியின் மறுபக்கத்தில், யன்னலின் பக்கச் சுவரைப் பார்த்தபடி, அழியாத மையில் என் முழுப் பெயர் இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். வாசிப்பதென்றால் எழுத்துக்கூட்ட வேண்டும். ஆனால் என் பெயரையும் என் தகப்பன் பெயரையும் மணியாக எழுதுவேன். அந்தப் பெருமைதான் அந்தச் சாடியில் ஏறியது. தேய்த்தும் பார்த்தேன், சுரண்டியும் பார்த்தேன், போகவில்லை.

சம்பந்தியம்மாவை நினைக்காமல் அந்தச் சாடியைப் பார்க்க முடியாது. என் மகளுடைய மாமியார் அவர். ஊரில் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவர், இங்கே நோர்வேஜியப் பேப்பரையும் கண்ணாடி போட்டு வாசிப்பார். நான் ஆஸ்பத்திரித் தரை துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள். இருபது வருசம் பழகியும் அவர் என்னைச் சம்பந்தியம்மா என்பார், நானும் அப்படியே சொல்வேன். அதைவிடக் கிட்ட இருவரும் வரவில்லை. ஒன்றில் மட்டும் அவர் எனக்குக் கீழே. அவர் நட்ட எதுவும் பிடிக்காது. கறிவேப்பிலைக் கன்று மூன்று கொடுத்தேன், மூன்றும் பட்டுப்போயின. என் கையில் வெறும் தடிகூடத் தடியாகவே இருந்ததில்லை, துளிர்த்துவிடும். அதை நான் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன், அவரும் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்வார்.

அந்தக் கோடையில் மகள் குடும்பம் விடுமுறைக்குப் போய்விட்டது. சம்பந்தியம்மாவுக்குப் புற்று வருத்தம் எலும்புக்குள் ஏறியிருந்தபடியால் போகவில்லை. ஒருநாள் மத்தியானம் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றோடு என் வாசலில் நின்றார். படி ஏறியதில் முகம் வெளிறிப்போயிருந்தது. பெட்டிக்குள் ஈரக் கடதாசியில் சுற்றிய ஐந்து பச்சைக் கொப்புகள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த நோர்வே மனுசி தந்த மூலிகையாம், அவித்துக் குடித்தால் நோவு இறங்குமாம். வேர் விட வைத்துத் தாருங்கள், என் கையில் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும்தானே என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்துவிட்டேன். என்ன மூலிகை என்று கேட்கவில்லை.

கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டினேன். கீழ் இலைகளைக் கிள்ளி, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்தேன், வேரில்லாத கொப்புக்குப் பெரிய இலை பாரம். வெட்டின கையோடு தண்ணீரில் போட்டேன், வெட்டுவாயில் காற்றுப் புகக்கூடாது. ஓடைக்கரையில் நிற்கிற மரத்தின் இளந்தடிகளை ஒடித்து ஒருநாள் ஊறவைத்த தண்ணீர் அது. எந்தக் கொப்புக்கும் அதில் வேர் சுறுக்காக வரும். பிறகு ஈர மண்ணில் குத்தி, மேலே மீன் ஊறுகாய் வாங்கிய அகன்ற வாய்க் கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்து, குளியலறைத் தரையில் வைத்தேன். இந்த நாட்டுக் குளியலறைத் தரைக்குக் கீழே சூடு ஓடும். கொப்புக்குக் கால் சூடாகவும் தலை குளிராகவும் இருக்கவேண்டும். காலையில் போத்தலைத் தூக்கி வியர்வையைத் துடைத்து, காற்றுக் காட்டி, திரும்ப மூடுவேன். ஒன்று அழுகியது. இரண்டு கிழமையில் மற்ற நாலும் இழுத்தால் வராமல் பிடித்துக்கொண்டன.

வேர்விட்ட முதல் கன்று என் வீட்டில் நிற்பதில்லை. அதை வெளியே கொடுத்தால்தான் மற்றவை தழைக்கும் என்பது என் வழக்கம். மூலிகைதானே, கோயிலுக்கே கொடுப்போம் என்று நினைத்தேன். புதுச் சாடி வாங்கி, 'உபயம்' என்று பேரனைக்கொண்டு முன்பு எழுதுவித்து வைத்திருந்த துண்டைப் பார்த்து எழுதி, கீழே என் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதினேன். வெள்ளிக்கிழமை பூசைக்குப் போய், மண்டப யன்னலில் துளசிக்குப் பக்கத்தில் என் கையாலேயே வைத்துக் கும்பிட்டேன். ஐயர் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றார். மற்ற மூன்றையும் சம்பந்தியம்மா, இன்னும் கொஞ்சம் வளரட்டும், உங்களிடமே நிற்கட்டும் என்றார்.

விடுமுறை முடிந்து வந்த மகள் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். வயோதிபர் இல்லத்தில் தாதியாக இருக்கிறாள். கை கழுவப் போனவள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அம்மா, இது ஆர் தந்தது?"

"மூலிகை, பிள்ளை."

"இது கஞ்சா."

எனக்கு அந்தச் சொல் தெரியும். காய்ந்த சரக்காகக் கேள்விப்பட்டதுண்டு, பச்சையாக, ஏழு விரலை விரித்துக்கொண்டு என் குளியலறையில் நிற்கும் என்று நினைத்ததில்லை. மகள் குரலை உயர்த்தவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தன் வேலை போகும், பொலிஸ் வீட்டைத் திறந்து பார்க்கும், பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போகிற அரசாங்கத்து ஆட்கள் வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். திரும்பவும் ஆர் தந்தது என்றாள். நடைபாதை ஓரத்தில் முறித்தேன் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. மாமியும் மருமகளும் ஒரு வீட்டில் இருக்கிறார்கள், அது மட்டும் நினைவில் வந்தது. கோயிலில் என் பெயரோடு நிற்கிறதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மூன்றையும் பிடுங்கித் துண்டு துண்டாக வெட்டி, மீன் கழிவோடு கட்டிக் கொட்டினேன். அடுத்த நாள் காலை கறுப்புக் குப்பைப் பை ஒன்றை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறி, பிறகு சுரங்க ரயிலேறிக் கோயிலுக்குப் போனேன். செருப்பு வைக்கும் தட்டில் இரண்டு சோடி கறுத்த சப்பாத்துகள் இருந்தன. தடித்த அடி, உயர்ந்த கழுத்து. அவை யாருடையவை என்று பார்த்தவுடனே தெரிந்தது. திரும்பிப் போயிருக்கலாம். என் பெயர் உள்ளே இருந்தது.

மண்டபத்தில் பொலிஸ் உடுப்போடு ஓர் ஆணும் ஒரு பெண்ணும், காலுறைக் காலோடு கதிரையில் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேர் அன்றைக்கு எந்தத் தெருவை மறிப்பது என்று நிர்வாகத்தோடு கதைக்க வந்தவர்களாம். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், துளசியை விட உயரமாக, அது நின்றது. ஐயர் எவ்வளவு நன்றாகப் பார்த்திருந்தார். நான் சுவரோடு நடந்து போய், பையை மேலிருந்து கவிழ்த்தேன். அந்தப் பை சரசரத்த சத்தம் எனக்கு மேளம் போலக் கேட்டது.

"ஏனம்மா, நல்லா வளருதே, ஏன் எடுக்கிறியள்?" என்றார் ஐயர், மண்டபம் முழுக்கக் கேட்க.

"பூச்சி பிடிச்சிருக்கு, ஐயா. துளசிக்கும் தொத்தும்."

அம்மனுக்கு முன்னால் சொன்ன பொய். அதற்குள் அந்தப் பெண் பொலிஸ் எழும்பி வந்துவிட்டாள். பாரம், நான் தூக்குகிறேன் என்று நோர்வேஜியத்தில் சொல்லிச் சாடியை வாங்கினாள். நான் விட்டேனா, அவள் இழுத்தாளா தெரியாது. அதைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். பைக்குக் கீழே தெரிந்த எழுத்தைப் பார்த்து, இது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். என் பெயர் என்றேன். அழகான எழுத்து என்றாள். எழுதத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல்தடவையாக நினைத்தேன். படியில் வைத்துவிட்டு, கவனமாகப் போங்கள் என்று சொல்லி உள்ளே போனாள். ரயிலில் சாடியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் வந்தேன். அந்தக் கன்றையும் வெட்டிக் கொட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, மகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, சம்பந்தியம்மாவிடம் போனேன். வாசிக்கத் தெரியாதவள் என்றுதானே என் வீட்டில் கொண்டுவந்து வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், கோபிக்கவில்லை. முதலில் தானே ஆறு கொப்பு வைத்துப் பார்த்தாராம், எல்லாம் அழுகிவிட்டனவாம்.

"இந்த வீட்டிலை பேரப்பிள்ளையள் இருக்குதுகள். சொன்னா நீங்கள் வைச்சிருப்பியளோ?"

வைத்திருக்கமாட்டேன் என்றேன். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன் என்றும், உங்கள் பெயரைச் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவர் யன்னல் பக்கம் திரும்பினார். நோவு வந்து போவது அவருடைய விரல்களில் தெரிந்தது, போர்வையை இறுக்கி இறுக்கி விட்டுக்கொண்டிருந்தார்.

"வேர் வந்ததோ, சம்பந்தியம்மா?" என்று கேட்டார்.

"வந்தது. வெள்ளை வெளேரெண்டு, ஒரு சாண் நீளம்."

"எனக்குத் தெரியும்," என்றார்.

அந்த மாரிக் குளிர் முடியுமுன் அவர் போய்விட்டார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி மருந்து கேட்டதா, கேட்கவில்லையா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் பயம். நான் சொல்லச் சொல்ல எழுதுவிக்கிற இதை வாசிக்கும்போதுதான் மகளுக்குத் தெரியவரும். வாசல் மணி அடித்தால் இன்றைக்கும் முதலில் குளியலறைத் தரையைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். அங்கே கவிழ்த்த போத்தலுக்குள் செவ்வரத்தைப் பூச்செடியின் கொப்பு ஒன்றுதான் நிற்கிறது. அது பிடித்ததும் வேறு சாடியில் வைப்பேன். யன்னலில் இருக்கிற இந்தச் சாடி சுவரைப் பார்த்தபடியே இருக்கட்டும்.