ஸ்பேஸ் பாரில் சந்தனம்

மகள் மதியம் தூங்கியதும் லேப்டாப்பைத் திறப்பேன். முதல் வேலையாகச் சத்தத்தை அணைத்துவிடுவேன். இந்த வீட்டில் திரையே கூடாது என்று விதி போட்டவள் நான்தான். அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. 'ம்மா', 'பூ', 'தா' தவிர வேறு சொல் வரவில்லை. செல்போன், டிவி எதையும் காட்டாதீர்கள், நிறையப் பேச்சுக் கொடுங்கள், அடுத்த முறை வரும்போது புதிதாக என்ன சொல்கிறாள் என்று பார்ப்போம் என்றார் டாக்டர். அன்றே டிவியைத் துணி போட்டு மூடினேன்.

"செல்போனக் கையில குடுத்தா ரெண்டு வாய் சேத்துத் திங்கும். இம்புட்டு கண்டிப்பு எதுக்குத்தா?" என்று மாமியார் தினமும் கேட்கிறார். மிச்சச் சோற்றை வழிக்கும்போது, அவர் சொல்வதும் சரியோ என்று தோன்றும்.

அப்படியிருக்க, போன மாதம் வந்த அண்ணன் அந்தப் பழைய விளையாட்டை என் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். சின்ன வயதில், சமயநல்லூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் நாங்கள் விளையாடியது. தொப்பி போட்ட குட்டி மனிதன் குழிகளைத் தாண்டி, சாவியை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான்.

அப்பா காளவாசலில் ஒரு கடையில் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டர் அது. முதல் ஆயுத பூஜைக்கு அம்மா மானிட்டருக்குப் பொட்டு வைத்ததோடு நிறுத்தவில்லை. கீபோர்டில் நீளமான பட்டன்தான் வாகாக இருக்கிறதென்று ஸ்பேஸ் பாரில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். தண்ணியாகக் கரைத்த சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது. அதன்பின் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கினால்தான் அந்தப் பட்டன் இறங்கும். குதிப்பதற்கு அந்தப் பட்டன்தான். ஓடிக்கொண்டே குதிக்க அண்ணனால் முடியவில்லை. அதனால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டான். அம்புக்குறிகள் அவனுக்கு, குதிப்பது எனக்கு.

"குதி, குதி... ஏ லூசு, குழிக்கு முன்னாடியே குதிக்கணும்டி!"

"நீ எதுக்குண்ணே இம்புட்டு வேகமா ஓடுற?"

"யம்மா, சந்தனத்த வச்சு ஆளையே கொன்னுட்ட!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்துவான்.

"பூச போடலைன்னா அந்தப் பொட்டி இந்நேரம் பொகஞ்சிருக்கும்டா" என்பாள் அம்மா.

இப்போதைய ஸ்பேஸ் பார் தொட்டாலே இறங்குகிறது. நான் இன்னும் கட்டைவிரலை ஊன்றித்தான் அமுக்குகிறேன். ஓடுவது எனக்குப் பழக்கமில்லை. எப்போது குதிப்பது என்று யாராவது சொல்ல வேண்டும். அதனால் நானே முணுமுணுத்துக்கொள்வேன் போலிருக்கிறது. அதுகூட நேற்றுதான் தெரிந்தது.

நேற்று கழுத்தருகே மூச்சுக்காற்று பட்டது. திரும்பினால், நான் சாய்ந்திருந்த கட்டிலில் மகள் எழுந்து நிற்கிறாள். எவ்வளவு நேரமாக? நேற்று மட்டுமா, எல்லா நாளுமா? லேப்டாப்பை டப்பென்று மூடினேன். அவள் அழவில்லை. என் தோள் வழியாக எட்டி, மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து, "குதி" என்றாள்.

"என்னத்தா சொல்லுது புள்ள?" என்று மாமியார் கூடத்திலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தை."

ஏன் அப்படிச் சொன்னேன்? இத்தனை நாள் காத்திருந்த சொல் வந்ததும் ஒளித்து வைத்தேன். டாக்டரிடம் சொல்லலாம். எங்கே கற்றாள் என்று கேட்டால்?

இன்று காலை லேப்டாப் இல்லாமல் முயன்றேன். அவளைக் கூடத்தில் நிறுத்தி, "குதி, குதி" என்று நானே குதித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள், சொல்லவில்லை. "புள்ளைய விட்டுட்டு உன்னைத்தான் டாக்டர்ட்ட கூட்டிப் போகணும் போல" என்றார் மாமியார்.

மதியம் அவள் தூங்கவில்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், அதனால் தப்பும் குறைந்துவிடும் என்பதுபோல. அவள் கையை ஸ்பேஸ் பாரில் வைத்துவிட்டு, அம்புக்குறியை அமுக்கி நான் ஓடினேன். குழி வந்தது. சொல்லித் தருவது திரையா நானா என்று தெரிய வேண்டியிருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

குட்டி மனிதன் குழியில் விழுந்தான். அவள் அதைப் பார்க்கவே இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டு, "குதி" என்றேன்.