சாமி இலையில் காலிபிளவர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், என் வீட்டுக்காரரையும் சேர்த்தால் ஆறு. கையெழுத்துக்கு மேல் எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

காலிபிளவரை இப்போது வருஷம் முழுக்க விற்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது. நான் கார்த்திகை பிறந்து பனி விழுந்த பிறகுதான் தொடுவேன். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். பூ அரிசி அரிசியாக உதிர்ந்தால் அது கிழம். கவிழ்த்து அடித்தண்டைப் பார்க்க வேண்டும், வெட்டின இடம் ஈரமாக இருக்க வேண்டும்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமா, பொண்ணு பாக்க வந்த மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்கற?"

"எம் பொண்ணத்தான் நாளைக்குப் பாக்க வராங்க. அவங்க மட்டும் சும்மா பாத்துட்டா போவப் போறாங்க? எடையப் போடுய்யா."

அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் பஜ்ஜியும் கேசரியும் தின்றுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். பஜ்ஜிக்குக் கணக்கில்லை. எங்கள் பக்கத்தில் இலை போட்டுச் சோறு சாப்பிட்டால்தான் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். கை நனைக்கிறது என்போம். இந்த மணிமங்கலத்துப் பையனை என் மகளுக்கும் பிடித்திருந்தது. போட்டோவைப் பார்த்துவிட்டு அடுப்பங்கரையில் வந்து, "இவுரு பரவால்லமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிசு.

சம்பந்தி ஆகப்போகிறவருக்குக் கறிக்குழம்பு வைப்பதுதான் மரியாதை. ஆனால் பையனின் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறியும் கூடாது, மரியாதையும் குறையக் கூடாது. புதுப் பாத்திரம் எடுத்தேன். பூவை உடைத்து, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் அமுக்கினேன். ஒரு புழு மிதந்தது. விரதம் தெரியாத புழு, எடுத்து எறிந்தேன். பிறகு தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை, கிராம்பு எல்லாம் அம்மியில் மைபோல அரைத்து, கறிக்கு வைப்பது போலவே வைத்தேன். தெருமுனை வரைக்கும் மணத்தது. அங்கேதான் பிசகினேன்.

பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்து, எல்லாரும் இலையில் உட்கார்ந்தார்கள். குழம்பை ஊற்றினேன். சாமி மோந்து பார்த்தார். சோற்றுக்குப் போன கை மடிக்குத் திரும்பிவிட்டது.

"மாலை போட்டவன் எலையில கறிய வெக்கிறீங்களே சாமி" என்றார் என் வீட்டுக்காரரைப் பார்த்து.

இவர் பயத்தில், "கறி மாதிரியேதான் இருக்கும் சாமி, சாப்ட்டுப் பாருங்க" என்றார். இப்படி ஒரு ஒத்தாசை எந்தப் பெண்டாட்டிக்கும் வாய்க்காது.

சாமி எழுந்துவிட்டார். அப்பா எழுந்ததால் பையனும் எழுந்தான். உள்ளே என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "ஒரு நிமிஷம் தோட்டத்துக்கு வாங்க சாமி" என்று முன்னால் நடந்தேன். கோபமாகத்தான் பின்னால் வந்தார்.

நான் கழித்துப் போட்ட இலையையும் தண்டையும் பக்கத்து வீட்டு ஆடு மென்றுகொண்டு நின்றது.

"கொழம்புல இருக்கறது இந்தப் பூவுதான். இந்தத் தெருவுல இருக்கறதே இந்த ஒரு ஆடுதான், அது பூவோட எலையத் தின்னுகினு நிக்குது. காலு நாலும் கீதான்னு எண்ணிப் பாத்துக்குங்க."

சாமி எண்ணவில்லை. குனிந்து ஒரு தண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆடு அதையும் கேட்டு முட்டியது.

பந்தியிலிருந்து அவர் சம்சாரத்தின் குரல் வந்தது. "நா ரெண்டு துண்டு துன்னுட்டேன். எலும்பு ஒண்ணும் மாட்டல. நீங்க வந்து கை வெய்ங்க, ஆறுது."

வந்தார், கை வைத்தார். முதல் கவளம் மட்டும் மெதுவாக. அப்புறம் நான் நிற்கவே நேரமில்லாமல் ஊற்றினேன். தை மாதம் கல்யாணம்.

எழுதுகிற இந்தப் பேத்தி அந்தச் சாமிக்கும் பேத்திதான். எங்கே பாப்பா, எழுதினத ஒரு தரம் படி. எங்க வூட்டுத் தாத்தாவ எங்கனா மரியாதயா சொல்லிட்டு இருந்தா அத அடிச்சிடு.