எதிர்க்கட்சியாக வந்த சோசியர்

இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டு, நிலாவின் கணக்கில் வாரத்துக்கு ஒன்றாக வரும் போயா நாட்களை விடுமுறையாக்கியிருந்த சில ஆண்டுகள் அவை. மாத்தளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நான் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு தவணைப் பரீட்சை ராகுகாலத்தில் தொடங்கக்கூடாது என்று எங்கள் தலைமையாசிரியர் நேரத்தை மாற்றினார். நான் அவரோடு சண்டை பிடித்தேன். அந்தச் செய்தி எப்படியோ தபால் கந்தோர் வரைக்கும் போயிருக்கிறது. முத்திரை வாங்கப் போன என்னிடம், கவுண்டருக்குப் பின்னால் இருந்த சிங்களக் கிளாக்கர், “டீச்சர், உங்கள மாதிரி ஆக்கள் நாலு பேர் சேர்ற இடம் ஒண்ணு இருக்கு. போயா அன்னைக்கு வாங்க” என்றார். அவருடைய தமிழ் என்னுடைய சிங்களத்தைவிட நன்றாக இருந்தது.

அந்த இடம், மிளகும் கராம்பும் கொக்கோவும் வாங்கி விற்கும் ஒரு கடையின் மேல்மாடி. உட்கார இரண்டு வாங்குகள், ஒரு மேசை, மூலையில் மிளகு மூட்டைகள். புதுச் சரக்கு வந்த வாரங்களில் தும்மிக்கொண்டேதான் விவாதிப்போம். கடைக்காரரை எல்லாரும் நானா என்று கூப்பிடுவோம். அவர் நாத்திகர் இல்லை. “எனக்கு அல்லா ஈக்கிறான். பேயும் தாயத்தும்தான் இல்ல” என்பார். மஃரிப் நேரமானால் எழுந்து பள்ளிவாசலுக்குப் போவார். தொழுதுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். போஸ்ட் மாத்தியா என்று நாங்கள் கூப்பிட்ட அந்தத் தபால் கந்தோர்க் கிளாக்கரும் அப்படித்தான். போயாக் காலையில் தன் அம்மாவை அலுவிகாரைப் பௌத்தப் பன்சலைக்குக் கூட்டிப்போய்ப் பூ வைக்க விட்டு, மாலையில் மறுபிறப்பு உண்டா என்று கேள்வி கேட்க எங்களிடம் வருவார். ஒன்றையும் நம்பாதவர் ஒரே ஒருவர்தான், ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். காய்ச்சலுக்குத் திருநீறு பூசிவிட்டு, பிள்ளை சாகக் கிடக்கும்போது தூக்கிக்கொண்டு வரும் தாய்மாரைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அந்தக் கோபம் வந்திருந்தது.

நான்கு பேருமாகச் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்துவது லேசான காரியம் இல்லை. அதை நடத்திக் கொடுத்தவர் ஐந்தாவது ஆள். அவர் சோசியர்.

முத்துமாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் மேசை போட்டுச் சாதகம் பார்ப்பவர். எங்கள் கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒருநாள் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானாகவே படியேறி வந்தார். “எதிர்க்கட்சி இல்லாத பார்லிமெண்டு எதுக்கு? நான் இருக்கேன்” என்று வாங்கில் உட்கார்ந்தார். அதிலிருந்து ஒரு போயாவும் தவறவில்லை. “நிலாவப் பாத்து நாள் குறிச்சுக் கூடுறவங்க நீங்க. என்னையச் சொல்ல வந்துட்டீங்களா?” என்று டிஸ்பென்சரையே மடக்கினார். ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஏழரை மணிக் கடைசி பஸ்ஸுக்கு டிஸ்பென்சர் ஓடும்வரை வாதம் நடக்கும். நானா பால் சேர்க்காத பிளேன்டியும் பணிஸும் அனுப்பிக்கொண்டே இருப்பார்.

அந்த நல்ல மனிதரைத்தான் நாங்கள் கேலிக்கு ஆளாக்கினோம்.

யோசனை டிஸ்பென்சருடையது. எழுதிக் கொடுத்தது நான். நானாவின் வீட்டுப் பின்வளவில் ஆடு குட்டி போட்டிருந்தது. அந்தக் குட்டி பிறந்த நாளையும் நேரத்தையும் மணிமணியான எழுத்தில் ஒரு தாளில் எழுதி, “எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல பிறந்த பிள்ளை. பலன் சொல்லுங்க” என்று சோசியரிடம் கொடுத்தேன். அவர் நம்பி வாங்கிப் போனார். அடுத்த போயாவுக்குக் கட்டம் போட்டுக்கொண்டு வந்து, எழுந்து நின்று வாசித்தார்.

“ஆம்பளப் பிள்ளை. பேச்சுல கெட்டி. கணக்குல புத்தி ஓடும். இருபத்தாறுல கல்யாணம். கவர்மெண்ட் உத்தியோகம். ஆயுசு எழுபத்தெட்டுக்குக் கொறயாது.”

டிஸ்பென்சருக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “எழுபத்தெட்டா? நானா, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்கணும்னு தானே அந்தக் குட்டிய வளக்கிறீங்க?” என்றார்.

வாங்கு ஆடும்படி சிரித்தோம். நானும்தான். சோசியர் முதலில் விளங்காமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். விளங்கியதும் அவரும் சிரித்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிளேன்டியை மிச்சம் வைக்காமல் குடித்தார். “நேரமாச்சு, வாறேன்” என்று படியிறங்கிப் போனார்.

அடுத்த போயாவுக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. கதை அதற்குள் கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது. அவர் நடந்துபோனால் பஸ் நிலையத்தில் நிற்பவர்கள் ‘ம்மே’ என்று கத்துகிறார்கள் என்று போஸ்ட் மாத்தியா வந்து சொன்னார். நாங்கள் அன்று பேய் பிடிப்பதைப் பற்றி விவாதிக்க இருந்தோம். டிஸ்பென்சர் ஒரு கட்டுரை வாசித்தார். எல்லாரும் சரி என்றோம். பிறகு பேச ஒன்றுமில்லை. ஆறு மணிக்கே கூட்டம் முடிந்துவிட்டது.

நானா சலித்துக்கொண்டார். “எல்லாரும் ஒரே பக்கம் தலையாட்டுறதுக்கு எதுக்கு கூட்டம்? அவரப் போய்க் கூட்டிட்டு வாங்க டீச்சர். எழுதிக் குடுத்தது நீங்கதானே.”

மறுநாள் பாடசாலை விட்டதும் போனேன். அறைக்குள் ஆட்கள் இருந்தார்கள். வாசலில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தேன். தோட்டத்திலிருந்து ஒரு மாமியார் தன் மருமகளைக் கூட்டி வந்திருந்தாள். மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை, இவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று கேட்டாள். மருமகள் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோசியர் நெடுநேரம் கட்டத்தைப் பார்த்தார். “இதுல பாதி தோசம் உங்க மகன் சாதகத்துல கெடக்கு. ரெண்டு வருசத்துக்கு இந்தப் பிள்ளைய வீட்ட விட்டு அனுப்பினீங்கன்னா உங்களுக்குத்தான் கூடாது. தெக்குத் தெசையில வைத்தியம் பாக்கணும்னு இருக்கு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகட்டும்” என்றார்.

அவர்கள் போன பிறகு உள்ளே போனேன். “நான் செஞ்சது பிழைங்க” என்று மட்டும் சொன்னேன்.

“ஆட்டுக்குட்டி பரவால்ல டீச்சர்” என்றார் அவர். “நான் பேச வந்தேன், நீங்க எல்லாரும் சேந்து சிரிக்க இருந்தீங்க. அதுதான் கஷ்டமாப் போச்சு.”

பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, “வாறேன். ஆனா ஒண்ணு. வாற போயாவுக்குச் சோசியம் உண்டுன்னு நீங்க பேசணும். இல்லன்னு நான் பேசுறேன்” என்றார்.

அந்தப் போயாவுக்கு யாரும் பிந்தவில்லை. நான் ஒரு வாரம் ஆயத்தம் செய்திருந்தேன். கிரகங்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே அவருடைய அறை வாசலில் கண்டதைச் சொன்னேன். ஊரும் பேரும் சொல்லவில்லை. ஒரு டொக்டர் சொன்னால் அந்த மாமியார் கேட்டிருக்கமாட்டாள், ஒரு டீச்சர் சொன்னாலும் கேட்டிருக்கமாட்டாள், சனியும் செவ்வாயும் சொன்னபடியால்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கை தப்பியது என்றேன். போஸ்ட் மாத்தியா கைதட்டினார். டிஸ்பென்சர் என்னை முறைத்துப் பார்த்தார்.

சோசியர் எழுந்தார். அவர் கையில் பஞ்சாங்கம் இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். வருகிற ஆளின் செருப்பைப் பார்த்தே பாதிப் பலன் சொல்லிவிடலாம் என்று தொடங்கினார். கேள்வியை எப்படி ஆளின் வாயிலிருந்தே பிடுங்குவது, பலித்ததை எப்படி ஊர் பேசும், பலிக்காததை எப்படி மறந்துபோகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டிஸ்பென்சர் இத்தனை வருஷம் பேசிய எதிலும் அவ்வளவு விஷயம் இருக்கவில்லை. நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். இந்த முறை அவரோடு சேர்ந்து சிரித்தோம்.

பிறகு அவர் குரல் இறங்கியது.

“நான் சொன்ன பொய்யால நடந்த நல்லத டீச்சர் பாத்தாங்க. கெட்டத நான் பாத்திருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசு. ஒரு பொண்ணு சாதகத்துல செவ்வா தோசம்னு அடிச்சுச் சொன்னேன். கெட்டிக்காரன்னு பேர் எடுக்கணும்ல. வந்த மாப்பிள்ளை எல்லாத்தையும் வீட்டுக்காரங்க தட்டிக் கழிச்சாங்க. அந்தப் பொண்ணுக்கு இப்ப நாப்பது தாண்டிப் போச்சு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறப்ப என் வாசல்ல நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போகுது.”

தொழுதுவிட்டு வந்த நானா படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப ஏன் இன்னும் இதச் செய்றீங்க?” என்று டிஸ்பென்சர் கேட்டார். அவர் குரலில் வழக்கமான சூடு இல்லை.

“வேற தொழில் தெரியாதுங்க. இனிப் பழகவும் வயசு இல்ல.”

வாக்கெடுப்பு நடத்தினோம். சோசியருக்குக் கை தூக்கினால் சோசியம் வேண்டாம் என்று அர்த்தமா, வேண்டும் என்று அர்த்தமா என்று போஸ்ட் மாத்தியா குழம்பி இரண்டு கைகளையும் தூக்கினார். டிஸ்பென்சர் சோசியருக்குத்தான் வாக்களித்தார். அன்று அவர் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, சோசியரோடு அவர் அறை வரைக்கும் பேசிக்கொண்டே நடந்துபோனார். என்ன பேசினார்கள் என்று இருவருமே எங்களிடம் சொல்லவில்லை.

அடுத்த போயாவுக்குச் சோசியர் பஞ்சாங்கத்தோடு வந்து, முன்னைவிட இரண்டு மடங்கு பலமாகச் சோசியத்துக்காக வாதாடினார். ஆனால் செவ்வாய் தோஷம் என்று அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்டால், கழிந்துவிட்டது என்பாராம். இதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி.

இளைஞர் கிளர்ச்சியை அடக்க ஊரடங்குச் சட்டம் போட்ட வருஷத்தோடு கூட்டம் நின்றது. சட்டத்தை எடுத்த பிறகும் மாலையில் ஆட்கள் கூடிப் பேசப் பயந்தார்கள். போஸ்ட் மாத்தியா மாற்றலாகிப் பல்லேகம பக்கம் போனார். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி சோசியருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. பிறந்ததிலிருந்து பார்க்காத ஊருக்குக் குடும்பத்தோடு புறப்பட்டார். மாத்தளை ஸ்டேஷனுக்கு நானாவும் டிஸ்பென்சரும் நானும் போயிருந்தோம். டிஸ்பென்சர், கடல் பயணத்தில் வாந்தி வந்தால் போடச் சொல்லிக் குளிசைகள் கொடுத்தார். நானா ஒரு பொட்டலம் கராம்பு கொடுத்தார். நான் ஒன்றும் கொண்டுபோகவில்லை. அழக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டு போனேன். அதுவும் நடக்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. அங்கே தன்னோடு வாதாட ஒருவரும் இல்லை, சொல்வதையெல்லாம் நம்புகிறார்கள் என்று எழுதியிருந்தார். போன போயாவில் என்ன பேசினீர்கள் என்று கேட்டிருந்தார். கூட்டம் நின்றுபோனதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கனவு பலிக்குமா என்று ஒரு தலைப்பை நானே போட்டு, யார் யார் என்ன சொன்னார்கள் என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன்.

பதில் சுருக்கமாக வந்தது. “டீச்சர், நீங்கள் எழுதியதில் டிஸ்பென்சர் இரண்டு இடத்தில் என் கட்சியை ஒப்புக்கொள்கிறார். உயிரோடு இருக்கும்வரை அந்த மனிதர் அப்படிச் செய்யமாட்டார். கூட்டம் நின்றுவிட்டதா?”