முதல் வெள்ளிச் சாப்பாடு

போன மாதம் பதினான்காம் தேதியிட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. "தாங்கள் நம் பள்ளிக் குடும்பத்துக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைத்த நாளில் பெற்ற அன்பான வரவேற்பைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்பவும். பழைய புகைப்படம் இருந்தால் இணைக்கவும்." நான் முதன்முதலில் வேலை பார்த்த கத்தோலிக்கப் பள்ளியின் விழா மலர்க்குழு அனுப்பியது. பள்ளி போத்தனூரிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

கடிதத்தை மடித்து வைத்த பிறகும் அறையில் பினாயில் வாடை அடிப்பது போலிருந்தது. என் வீட்டில் பினாயிலே கிடையாது. அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையைக் காலையும் மாலையும் பினாயில் ஊற்றிக் கழுவுவார்கள். தலைமை ஆசிரியரான ஃபாதருக்குச் சுத்தத்தில் அப்படி ஒரு பிடிவாதம். அந்த வாடையோடு சோற்று வாடையும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். அன்பான வரவேற்பை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுத என்னால் ஆகாது. அதனால் அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

1994 ஜூன் மாதம், பள்ளி திறந்த அன்று. காலைக் கூட்டம் தூங்குமூஞ்சி மரத்தடியில் நடக்கும். அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் நானும் பிலோமினா டீச்சரும் மட்டும்தான். நான் வரலாறு, அவர் அறிவியல். புதிய ஆசிரியர்கள் மைக்கில் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது அங்கே வழக்கம். "பேரு, ஊரு, படிப்பு, பாடம். அது போதும். பிரசங்கம் என்னோட வேலை" என்று ஃபாதர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. வரலாறு ஏன் படிக்க வேண்டும் என்று இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு சொற்பொழிவு தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். நான் மைக்கைப் பிடித்ததும் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் வந்தது. அந்தக் காலத்துச் சரக்கு ரயிலுக்கு முடிவே கிடையாது. பேச்சு முழுவதையும் ரயிலுக்குத்தான் பேசி முடித்தேன். "நல்லாப் பேசுனீங்க சார்" என்றார் ஃபாதர். அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

பிலோமினா டீச்சர் கெட்டிக்காரர். கடைசிப் பெட்டி போகும்வரை மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகுதான் பேசினார்.

"என் பேரு பிலோமினா. ஊரு பல்லடம் பக்கம். பி.எஸ்சி., பி.எட். எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் அறிவியல் எடுக்கப் போறேன். தவளையக் கண்டா பயப்படறவங்க இப்பவே சொல்லிருங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

உண்மையான அறிமுகம் அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் நடந்தது. நீளமான மேசையின் தலைமாட்டில் சவரிமுத்து சார் உட்கார்ந்திருந்தார். கணக்கு ஆசிரியர், அங்கே எல்லாருக்கும் மூத்தவர், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கரான நிலக்காரக் குடும்பம். குரலை உயர்த்தியே பேச மாட்டார்.

"ஏனுங்க சார், பூர்வீகம் எந்தூருங்க?"

சொன்னேன்.

"ஊட்ல தெலுங்குங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நம்ம நாயுடு சாருன்னு சொல்லுங்க."

அவ்வளவுதான், என் பெயர் அத்தோடு ஒழிந்தது. அந்தப் பள்ளியில் இருந்தவரை நான் நாயுடு சார்தான். இந்து, வேற்று மொழிக்காரன், பிரசங்கம் வேறு செய்தவன்; ஆனாலும் எனக்கு உடனே ஒரு நாற்காலி நகர்த்திப் போடப்பட்டது. அடுத்தது பிலோமினா டீச்சர்.

"எந்தப் பங்கும்மா நீங்க?"

அவர் தன் ஊர்த் தேவாலயத்தின் பெயரைச் சொன்னார்.

"அங்க கல்லறைத் தோட்டம் ரெண்டு இருக்குமே?"

"ஆமாங்க சார்."

"உங்க தாத்தாவ எதுல அடக்கம் பண்ணுனீங்க?"

டீச்சர், "ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறதுலீங்க சார்" என்றார்.

"சரிங்க அம்மணி" என்றார் சவரிமுத்து சார், மிக மென்மையாக. அதற்கு மேல் அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. படித்த கல்லூரி, வாங்கிய மதிப்பெண், எதுவுமே.

எனக்கு அப்போது விளங்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரான சரஸ்வதி டீச்சர், புவியியல், தோட்டங்காடு உள்ள கவுண்டர் வீட்டுப் பெண், பிற்பாடு தணிந்த குரலில் விளக்கினார். "ரோட்டுக்கு இந்தப் பக்கம் குடியானவங்க பொதைக்கறதுங்க. அந்தப் பக்கம் அவங்க சனம். தப்பா நெனச்சுக்காதீங்க சார், சும்மா தெரிஞ்சு வெச்சுக்கறதுக்குத்தானுங்க கேட்டது."

பிலோமினா டீச்சர் தலித் குடும்பத்துக் கிறிஸ்தவர் என்பதை இப்படி ஒரு செத்த மனிதரைத் தோண்டி எடுத்துக் கண்டுபிடித்தார்கள். சாதிக்கொரு பக்கமாகத் தேவாலயத்துக்குள் சுவர் எழுப்பியிருந்த காலம் பற்றியெல்லாம் நான் நிறையப் படித்திருந்தேன். அதெல்லாம் பழைய வரலாறு என்று நினைத்துக்கொண்டிருந்த வரலாற்று ஆசிரியன் நான்.

மேசையில் ஒரு பழக்கம் இருந்தது. மதியம் ஒவ்வொருவரும் தங்கள் பொரியலையோ கூட்டையோ டிபன் கேரியர் மூடியில் வைத்துச் சுற்றுக்கு விடுவார்கள். மூடி எல்லார் கையும் மாறி, காலியாகி, உரியவரிடம் திரும்பி வரும். பிலோமினா டீச்சரின் மூடி மட்டும் போனபடியே திரும்பி வந்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "வயித்துக்கு ஆகறதில்லீங்க அம்மணி." "இன்னிக்கு விரதமுங்க." "இப்பவே நெறஞ்சு போச்சுங்க, நாளைக்குப் பாக்கலாமுங்க." ஊரெல்லாம் புகழ்கிற கொங்குத் தமிழின் மரியாதை இது. ஒருவரை ஒதுக்கித் தள்ளுவதாக இருந்தாலும் 'ங்க' சேர்த்துத்தான் தள்ளுவார்கள். வீட்டுக்கு வெளியே நானும் இதே தமிழ் பேசி வளர்ந்தவன். அந்த மேசையில்தான் அது முதன்முதலாகக் காதில் பிசுபிசுத்தது.

டீச்சர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். காரணம் எனக்குத் தெரியும். அவர் வேலை ஓர் ஆண்டு தற்காலிகம். ஃபாதர் நல்லபடியாக எழுதினால் நிர்வாகம் நிரந்தரமாக்கும். அவர் அப்பா இடுப்பு ஒடிந்து வீட்டில் படுத்திருந்தார், தம்பியும் தங்கையும் படித்துக்கொண்டிருந்தார்கள். "இந்த ஒரு வருசம் ஓடிருச்சுன்னா போதும் சார். பொறவு யாரு தின்னா என்ன, திங்காட்டி என்ன" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

இந்த இடத்தில்தான் முதல் வெள்ளி வருகிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஆண்டவரின் திரு இருதயத்துக்கு உரிய நாள். காலையில் பூசை உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் அடுத்த மாதத்து முதல் வெள்ளியில் மேசைக்கு முழுக்கச் சமைத்துக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே பழைய ஏற்பாடு. வெள்ளியானதால் கறி கிடையாது. என் நாட்குறிப்பில் 'ஜூலை முதல் வெள்ளி' என்று மட்டும் இருக்கிறது. பழைய நாட்காட்டியைத் தேடிப் பார்த்ததில் அது ஜூலை ஒன்றாம் தேதியாகவே இருக்கிறது.

எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரம்மச்சாரி. என் முழியைப் பார்த்துவிட்டு டீச்சரே சொன்னார்: "அரிசியும் பருப்பும் வாங்கிக் குடுங்க. உங்க போசிலயே ஆக்கிக் குடுத்தர்றேன். உங்க அத்தை செஞ்சதுன்னு சொல்லிக்குங்க."

அப்படித்தான் அன்று மேசைக்கு இரண்டு போசிகள் வந்தன. என் போசியில் அரிசியும் பருப்பும் சோறு, டீச்சருடையதில் தக்காளி சோறு. போசி மாதிரிப் பாத்திரங்களில் அந்தக் காலத்தில் உரியவர் பெயரை வெட்டியிருப்பார்கள், அதனால் எது யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. காலைப் பூசையில் சவரிமுத்து சாரும் பிலோமினா டீச்சரும் ஒரே வரிசையில், முன்னும் பின்னுமாக நின்று, ஃபாதரின் ஒரே கையிலிருந்து நற்கருணை அப்பம் வாங்கியதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அதனால் மதியத்தைப் பற்றி ஒரு நப்பாசை இருந்தது.

மதியம் தக்காளி சோற்றின் மூடியை யாரும் திறக்கவில்லை. என் போசி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

"அரிசியும் பருப்பும்னா இதானுங்க. நாயுடு ஊட்டுக் கைப்பக்குவமே தனிங்க" என்றார் சரஸ்வதி டீச்சர்.

சவரிமுத்து சார் அடியில் பிடித்திருந்த காந்தலைக்கூடச் சுரண்டிப் போட்டுக்கொண்டார். "ஆருங்க சார் ஆக்கினது?"

"அத்தைங்க" என்றேன்.

"அதான பாத்தேன். இதெல்லாம் பழகி வாரதில்லீங்க. ரத்தத்துல இருக்கோணும். சில பேரு எத்தனை படிச்சுப்போட்டு வந்தாலும் அந்தக் கைச்சுத்தம் வராதுங்க."

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மூடி திறக்காத போசி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பிலோமினா டீச்சர் தன் தட்டிலிருந்து நிமிர்ந்தார். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். ஒரு வருடத்தில் இன்னும் ஒரு மாதம்கூட முழுதாக ஓடவில்லை.

"சார், அது நான் ஆக்குனதுங்க."

"எதுங்க அம்மணி?"

"நீங்க தின்னுட்டு இருக்கறதுதான். சாருக்கு ஆக்கத் தெரியாது. அவருக்கு அத்தையும் கெடையாது. ரெண்டு போசியும் எங்கூட்டு அடுப்புல இருந்து எறக்குனதுதானுங்க."

சவரிமுத்து சார் கையில் எடுத்த பிடியைத் தட்டில் திரும்ப வைத்தார். எழுந்தார். ஜன்னலுக்கு வெளியே குழாயடி. முதலில் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டைக்குள் விரலை விட்டு வரவழைக்கும் சத்தம். காந்தல்வரை சுரண்டித் தின்றதை, காலையில் வாங்கிய நற்கருணையோடு சேர்த்து, அந்த மனிதர் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். சரஸ்வதி டீச்சர் கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் முன்னாலயே சொல்லியிருக்கலாமில்லீங்க சார்" என்றார். என்னிடம்தான் சொன்னார். டீச்சரிடம் பேசவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கலைந்தார்கள். டீச்சர் தன் போசியைத் திறந்து தனக்குப் போட்டுக்கொண்டார், எனக்கும் போட்டார்.

"எப்படி இருக்குதுங்க?"

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றேன். உண்மையிலேயே கம்மிதான்.

"அப்ப உங்க போசிக்குத்தான் நல்லாப் போட்டுட்டேனாட்டமிருக்குது" என்று சிரித்தார். கண் சிவந்திருந்தது.

திங்கட்கிழமை ஃபாதர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சவரிமுத்து சாரையும் கூப்பிடுவார் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. "சார், இது சாதி விசயமில்ல. சொல்லாம செஞ்சதுதான் தப்பு" என்றார். அத்தை என்று பொய் சொன்னவன் நான், தண்டியுங்கள் என்று வாதாடினேன். என் வீரம் அவ்வளவுதான். "உங்கள ஆரும் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார் ஃபாதர், நிஜமான வியப்போடு. ஒற்றுமை குலையக் கூடாது என்பதற்காக முதல் வெள்ளிச் சாப்பாடு அன்றோடு நிறுத்தப்பட்டது. "நீங்க லேப்லயே சாப்பிட்டுக்கம்மா, காத்தோட்டமா இருக்கும்" என்று டீச்சருக்கு ஏற்பாடு. ஃபார்மலின் பாட்டில்களில் தவளைகள் மிதக்கும் அறை அது. நானும் என் மெஸ் சாப்பாட்டை அங்கே கொண்டுபோனேன். பினாயிலுக்கு ஃபார்மலின் எவ்வளவோ மேல்.

அடுத்த ஏப்ரலோடு பிலோமினா டீச்சர் பள்ளியில் இல்லை. மே மாதம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தோளில் பை, கையில் சான்றிதழ் கவர்.

"எங்கைங்க போறீங்க?"

"இன்னொரு ஸ்கூல்ல போயி அறிமுகப்படுத்திக்கப் போறேனுங்க."

"அங்கயும் தாத்தாவக் கேட்டா?"

"எரிச்சுட்டோம்னு சொல்லிருவேன் சார்" என்றார். பஸ் வந்தது. முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துக் கையசைத்தார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. நானும் இரண்டாவது ஆண்டு முடிவில் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன். ஆசிரியர் அறை இடிக்கப்பட்டு அந்த இடத்தில் கணினி அறை வந்திருக்கிறது. தூங்குமூஞ்சி மரம் இல்லை. நீள மேசையை விற்றுவிட்டார்களாம். மூடியைச் சுற்றுக்கு விடுகிற பழக்கமும் போய்விட்டது. ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள் என்று மலர்க்குழுக்காரர் தொலைபேசியில் சொன்னார். "இப்பெல்லாம் அந்த மாதிரி எதுவும் இல்லீங்க சார்" என்றும் சொன்னார். எந்த மாதிரி என்று நான் கேட்கவில்லை. அவர் குரலிலும் அதே மென்மை இருந்தது.

ஒரு தகவல் மட்டும் பாக்கி. பிலோமினா டீச்சர் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார் என்று ஃபாதர் அந்த ஏப்ரலில் என்னிடம் சொன்னார். எழுதி வைத்த தாளைக் கொடுத்துக் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள் என்று அலுவலக அட்டெண்டர் சொன்னார். ஃபாதரும் அட்டெண்டரும் இன்று உயிரோடு இல்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது டீச்சரிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை; இப்போது அவர் இருக்குமிடம் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எது உண்மை என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.