அத்தையின் ஈஸ்டர்

“ஆண்டவரே, என் தம்பி வீட்டுத் தண்ணித் தொட்டி வழியுது. அவன் கண்ணைத் தெறந்தருளும்.”

பக்கத்து வீட்டிலிருந்து அத்தையின் காலை ஜெபம் இப்படித்தான் எழும். தேனிக் கடைவீதிக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள் எங்களுடையவை. நடுவில் ஒற்றைச் சுவர். ஜெபத்தைக் கேட்டதும் அப்பா பல் துலக்கியபடியே போய் மோட்டாரை நிறுத்துவார். பதில் அப்போது வராது. எங்கள் குடும்ப ஜெபத்தில், நோயாளிகளுக்காகவும் பிரயாணம் செய்கிறவர்களுக்காகவும் மன்றாடி முடித்தபின், குரலைச் சற்று உயர்த்தி, “கர்த்தாவே, தொட்டியை நிறுத்தியாச்சு. சில பேரு வீட்டு முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி எங்க மாடியில ஏறுது, அதையும் நீரே பாத்துக்கொள்ளும்” என்பார். அம்மா ஆமென் சொல்வதற்குள் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவாள். சாயங்காலத்துக்குள் கிளை வெட்டப்பட்டிருக்கும்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர். மாமா இறந்தபின் பாத்திரக்கடையைத் தனியாகவே நடத்தினார். அண்டா, குண்டான் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவருடைய குரல் கடைவீதியின் இரண்டு முனைகளுக்கும் எட்டும். அப்பாவுக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. ஆனால் மனசெல்லாம் சபையின் பாடகர் குழுவில். குருத்தோலை ஞாயிற்றுக்கான ஒத்திகை ஒன்றில், எல்லோருக்கும் முன்னால், “யக்கா, நீ பாட வேணாம். வாயை மட்டும் அசை, போதும்” என்று சொல்லிவிட்டார். அத்தை பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்தான். அதன்பின் தம்பியோடு பேச்சில்லை. பாடகர் குழுவை விட்டாரே தவிர, பாட்டை விடவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து, குழுவுக்கு ஒரு வரி முன்னதாகவே பாடிக்கொண்டு போவார். அப்பா ஆர்மோனியத்தோடு பின்னால் ஓடுவார். கடைசி வரியைக் குழு பாடும்போது அத்தை உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார்.

இந்தப் பேச்சின்மைக்கு ஈஸ்டர் மட்டும் விலக்கு. எங்கள் சபையார் அன்று சூரியன் எழுமுன்பே ஊருக்கு வெளியே உள்ள கல்லறைத் தோட்டத்தில் கூடுவார்கள். முந்தின நாளே வெள்ளையடித்துப் பூ வைத்த கல்லறைகளுக்கு நடுவே ஆராதனை நடக்கும். முடிந்ததும் ஒருவரையொருவர் பார்த்து, “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்பார்கள். எதிரே நிற்பவர் “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று சொல்ல வேண்டும். அத்தை நேராக அப்பாவிடம் வருவார். கடையில் நெளிந்த குடத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவரிடம் பேசுகிற குரலில் முதல் பாதியைச் சொல்வார். அப்பா வானத்தைப் பார்த்தபடி மறுபாதியைச் சொல்வார். அதோடு அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பேச்சு கிடையாது.

அம்மா ஒருமுறை அத்தையிடமே கேட்டுவிட்டாள். “பேசாதவுக அதை மட்டும் எதுக்கு மதினி சொல்றீக?”

“அவனோட பேசுறதில்லதான். அதுக்காக ஆண்டவரு எந்திரிச்சத இல்லைன்னு ஆக்கிர முடியுமா?” என்றார் அத்தை. கிறிஸ்துமஸுக்கு அவர் அவ்வளவு மதிப்புக் கொடுத்ததில்லை. “பொறந்தநாளு எல்லாருக்குந்தான் வருது. செத்து எந்திரிச்சு வந்தது அவரு ஒருத்தருதான்” என்பார். கடைக்கு வரும் கிராமத்துச் சம்சாரிகளிடமும் இதையே சொல்லி, கையோடு ஒரு குக்கரையும் விற்றுவிடுவார்.

நான் கல்லூரி முடித்திருந்த வருஷம் அப்பாவின் குரல் கம்மத் தொடங்கியது. மதுரையில் காட்டினோம். தொண்டையில் சிறு கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, சில வாரங்களுக்கு முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அது என்ன கட்டி என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அதைவிடக் கலவரமாக, சுவருக்கு அப்பாலிருந்தும் சத்தம் வரவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடியது. ஒரு ஜெபமும் எழவில்லை. அம்மா பயந்து எட்டிப் பார்த்தாள். அத்தை தரையில் முழங்காலிட்டு, தலையைக் கட்டிலில் புதைத்து, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாராம்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் மதுரையிலிருந்து போன் வந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை. அம்மா சுவரருகே போய் நின்று, ஜெபம் என்ற பாவனைகூட இல்லாமல், “மதினி! ஒண்ணுமில்லையாம்!” என்று கத்தினாள். அந்தப் பக்கம் ஏதோ ஒரு பெரிய பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

மறுநாள் விடியலில் கல்லறைத் தோட்டம். அப்பா கழுத்தில் மப்ளரோடு நின்றார். அத்தை வழக்கம்போல் விறுவிறுவென்று வந்து, “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்றார். அப்பா பதில் சொல்லப் போனார்; டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சத்தமில்லாமல், வாயை மட்டும் அசைத்தார்.

அத்தை அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மரத்துக் காக்கைகள் பறந்து போகும்படி சிரித்தார். அப்பாவுக்கும் புரிந்துவிட்டது, சிரிக்கக்கூடாதென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். “உனக்கும் சேத்து நானே சொல்லிர்றேன்டா” என்று சொல்லிவிட்டு, மறுபாதியையும் அத்தையே முழங்கினார். “வா, வீட்டுக்கு. ஆட்டுக்கறிக் கொழம்பு வச்சிருக்கேன்.”

அன்றிலிருந்து இருவரும் நேரடியாகப் பேசினார்கள். அதாவது, நேரடியாகச் சண்டை போட்டார்கள். ஜெபத்தில் பேசியபோது இருந்த மரியாதையும் போயிற்று. ‘தெறந்தருளும்’ என்று கேட்ட காதில் ‘ஏலே, செவிடா’ என்று விழுந்தது. பழைய காலமே தேவலை என்று அம்மா பலமுறை அலுத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா போன ஆண்டு மாரடைப்பில் இறந்தார். இந்த ஈஸ்டருக்கு வரமாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டார். “அவனை அங்கன போட்டுட்டு நான் போயி எப்படிப் பாடுவேன் ஆத்தா?” நான் வற்புறுத்தவில்லை. ஆனால் கடைசிப் பாட்டின்போது கல்லறைத் தோட்டத்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அத்தை யாரையும் பார்க்காமல் அப்பாவின் கல்லறைக்குப் போய், காவலாளியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“ஏப்பா, தலையை எந்தப் பக்கம் வச்சீக?”

“மேக்கதாம்மா. எந்திரிச்சா கெழக்க பாக்குற மாதிரித்தான் வச்சிருக்காக.”

அத்தை நம்பவில்லை. தலைமாட்டில் போய் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, ஆண்டிப்பட்டி மலைக்கு மேலே வெயில் வருவதைப் பார்த்தார். நேர்க்கோடு சரியாக இருந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரியாத்தான் படுத்திருக்கான். ஆனா கடைசி நாள்ல செத்தவுகள எழுப்ப எக்காளம் ஊதுனாலும் இவன் திரும்பிப் படுத்துக்கிருவான். சின்னதுல செம்புத் தண்ணிய மூஞ்சியில ஊத்தித்தான் எழுப்புவேன். பக்கத்து எடத்த எனக்குன்னு பாஸ்டருகிட்டச் சொல்லி வை.”

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாட்டு முடிந்து அமைதியாக இருந்த சபை முழுவதும் அதைக் கேட்டுவிட்டது. போதகர் நின்ற இடத்திலிருந்தே, சரி என்று தலையை ஆட்டினார்.