கல்லைத் தூக்கியவர்கள்

சனிக்கிழமை சாயங்காலங்களில் அப்பா தொலைக்காட்சிப் பெட்டியோடு சண்டை போடுவார். மற்ற நாட்களில் அதிகம் பேசாத மனிதர். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் எஞ்சினியர். வங்காளத்துத் தலைநகரில், டாக்குரியாவில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில், மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். அந்தக் கட்டடத்தில் முதலில் பெட்டி வாங்கியது நாங்கள்தான். எனக்கு அப்போது பதினொரு வயது.

அப்பாவுக்குக் கோபமூட்டிய நிகழ்ச்சி ஆங்கிலத்தில் வரும். புராதன உலகின் மர்மங்கள் என்று பேச்சு. தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர் ஏதாவதொரு இடிபாட்டின் முன்னால் நின்று, இவ்வளவு பெரிய கல்லை மனிதக் கைகளால் தூக்கியிருக்க முடியுமா என்று கேட்பார். கேட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார். உடனே இசை.

“ஏன் முடியாது?” என்பார் அப்பா. “தஞ்சாவூர்ல கோபுரத்து உச்சியில உக்காந்திருக்கே, அது தானா பறந்து போச்சா? சாரம், கயிறு, உருளை, ஆளு. வேற என்ன வேணும்? இவன் கேள்வி கேக்கறான், பதில் வர்றதுக்குள்ள மியூசிக் போட்டுடறான்.”

ஒருமுறை அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “கயிறு இழுத்தவன், கல்லுக்கு அடியில நசுங்கினவன், அவன் பேரு யாருக்கும் தெரியாது. போகட்டும். அவன் செஞ்ச வேலையையாவது அவன்கிட்ட விட்டு வைக்கக்கூடாதா? அதையும் புடுங்கி வானத்துல இருக்கறவனுக்குக் குடுக்கணுமா?”

இதையெல்லாம் அவர் தமிழில் சொன்னதால் மாஷிமாவுக்குப் புரியாது. மாடியில் குடியிருந்த வங்காளி அம்மாள் அவர். சித்தி, பெரியம்மா முறைபோல அக்கம்பக்கத்துப் பெண்களை அங்கே மாஷிமா என்போம். அவர் கணவர் மேஷோமொஷாய். மாஷிமா சனிக்கிழமைதோறும் கஞ்சி போட்ட, சிவப்புக் கரை வைத்த வெள்ளைப் புடவையில் இறங்கி வந்து எங்கள் பிரம்பு நாற்காலியில் உட்கார்வார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து, வெள்ளைக்காரர் சொல்வதை வங்காளத்தில் சொல்லுவேன். என் வங்காளம் என் தமிழைவிட நன்றாக இருந்த காலம் அது.

“அப்பா சொல்றதை மட்டும் மாஷிமாகிட்ட சொல்லிடாதே” என்று அம்மா என்னைச் சமையலறையில் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தாள். காரணம் சொல்லவில்லை.

மாஷிமாவுக்கு ஒரே மகன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு விடியற்காலை, சாதாரண உடையில் சில போலீஸ் ஆட்கள் வேனில் வந்து, விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லி அழைத்துப்போனார்கள். வேன் கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் நான் விழித்துக்கொண்டு அழுததாக அம்மா சொல்வாள். புரட்சி என்று பையன்கள் கிளம்பிய அந்த வருஷங்களில் அந்த நகரத்தில் பல வீடுகளில் இப்படி நடந்தது. சில பையன்கள் திரும்பினார்கள். சிலருடைய உடல் திரும்பியது, முதுகில் குண்டோடு. மாஷிமா வீட்டுக்கு எதுவும் வரவில்லை. கேட்ட இடத்திலெல்லாம், அப்படி ஒருவரை நாங்கள் அழைத்துப்போகவே இல்லை என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை வெள்ளைக்காரர் ஏதோ ஒரு காட்டில், சமாதி ஒன்றின் மூடுகல்லைக் காட்டினார். மல்லாந்த நிலையில் ஒரு மனிதனைச் செதுக்கியிருந்தார்கள். அவனை வானத்திலிருந்து வந்தவர்கள் ஏற்றிப்போகிறார்கள் என்றார். அவர்களுடைய ஊரில் நேரம் வேறு மாதிரி ஓடும். அங்கே சில நாட்கள் தங்கிவிட்டு வந்தால் இங்கே பல வருஷங்கள் போயிருக்கும். போனவன் அதே வயதில் திரும்புவான்.

“இன்னொரு தடவை சொல்லு” என்றார் மாஷிமா.

சொன்னேன். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, “செத்தவனைப் படுக்க வெச்சுதான் செதுக்குவான், பின்ன நிக்க வெச்சா செதுக்குவான்?” என்றார். நான் அதைச் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து லோட்ஷெடிங்கில் விளக்கு போயிற்று. இருட்டில் மாஷிமா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார். நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்று மேஷோமொஷாய் வந்து சொன்னார். சொன்னவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் மாஷிமா மொட்டைமாடிக்குப் போய்விடுவார். பனி கொட்டும் மார்கழியில் தலையில் ஒரு சால்வையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் நின்றார். இருமல் வந்தது. கணவர் கையைப் பிடித்து இழுத்தால், அவன் வரும்போது மாடி காலியாக இருக்கலாமா என்று கேட்டாராம்.

“இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?” என்றாள் அம்மா.

“நெஞ்சுல சளி கட்டிண்டா தெரியும் நஷ்டம்” என்றார் அப்பா.

தையில் ஓர் ஆள் வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். பல வருஷம் சிறையில் இருந்து, பிறகு வெளியூரில் எங்கோ உறவினர் வீட்டில் கிடந்து, இப்போதுதான் விலாசம் தேடிக் கண்டுபிடித்து வந்திருந்தார். மாஷிமாவின் மகனைக் கடைசியாக ஏற்றிப்போன வேனில் இவரும் கைதியாக இருந்தாராம். மாஷிமா அவரை வீட்டுக்குள் விடவில்லை. என் மகனைப்பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கதவைச் சாத்திவிட்டார். மேஷோமொஷாய் அந்த ஆளைக் கீழே எங்கள் முன்னறைக்கு அழைத்துவந்தார். அம்மா என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து எனக்குக் கேட்டது மேஷோமொஷாயின் இருமல் மட்டும்தான். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

அந்த ஆள் போன பிறகு மேஷோமொஷாய் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எனக்கு வாய் வராது. நான் போய்விட்டால் அவள் மட்டும் அந்த மொட்டைமாடியில் நின்றுகொண்டே இருப்பாள். இந்த வீட்டில் சொல்வதை அவள் கேட்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.”

அந்த வாரம் முழுவதும் அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். “சொல்லித்தான் ஆகணுமா?” என்று அம்மா கேட்பது என் காதில் விழுந்தது.

சனிக்கிழமை மாஷிமா வந்தார். நிகழ்ச்சி தொடங்கியது. வெள்ளைக்காரர் ஒரு பாலைவனத்தில் நின்று, இந்தக் கல்லைத் தூக்கியது யார் என்று கேட்டார். இசை வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மாஷிமா திரும்பி அவரைப் பார்த்தார்.

“உன் அப்பா எப்போதும் ஏதோ சொல்வாரே, இன்றைக்கு ஏன் சும்மா இருக்கிறார்?” என்று என்னிடம் கேட்டார். பிறகு நேராக அவரிடமே, “நீங்கள் பெரிய பெரிய பாரமெல்லாம் தூக்குகிறவர். சொல்லுங்கள். இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கியவர்களால் ஒரு பையனைத் தூக்க முடியாதா?” என்றார்.

அப்பா எழுந்து பெட்டியின் சத்தத்தைக் குறைத்தார். அணைக்கவில்லை. ஒரு பிரம்பு மோடாவை இழுத்துப்போட்டு மாஷிமாவின் எதிரில் உட்கார்ந்தார்.

அப்பாவின் வங்காளம் சந்தையில் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் போதும். இறந்தகாலம் அவருக்கு வரவே வராது. நேற்று நடந்ததையும் இப்போது நடப்பதாகவே சொல்வார். அதைக் கேட்டு நானும் அம்மாவும் சிரிப்பது வழக்கம். அன்று அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்து வைத்தார்.

“விடியற்காலை. வேன் மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறது. உங்கள் மகனை இறங்கச் சொல்கிறார்கள். இறங்குகிறான். நீ போகலாம், ஓடு என்கிறார்கள். அவன் ஓடுகிறான்.”

அங்கே நிறுத்திவிட்டார். வாய் திறந்திருந்தது. அவருக்குச் சொல் கிடைக்கவில்லை என்று நினைத்து, எடுத்துக்கொடுக்கலாமென்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“அப்புறம்?” என்றார் மாஷிமா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாஷிமா அவருடைய தலையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்” என்றார். மிகவும் மெதுவாகச் சொன்னார். “இத்தனை வருஷமும் தெரியும்.”

அம்மா வந்து அவரைத் தாங்கிப் பிடித்தாள். அவர் அழுத சத்தம் ஓர் அம்மாள் அழுகிற சத்தம் மாதிரியே இல்லை. அம்மாவும் அழுதாள். மேஷோமொஷாய் எப்போது வந்தாரென்று தெரியாது, வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா மட்டும் மோடாவிலிருந்து எழுந்திருக்கவேயில்லை.

அதற்குப் பிறகு மாஷிமா மொட்டைமாடிக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. தேறாத இருமலோடு படுக்கையில் கிடந்தார். அடுத்த நவராத்திரிப் பூஜைக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். அப்பா அந்த நிகழ்ச்சியை மறுபடி பார்த்ததில்லை. அதைக் கேலி செய்ததும் இல்லை. அம்மா பல நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

எனக்கு மட்டும் எதுவுமே புரியவில்லை. நல்ல செய்திதானே வந்திருந்தது? போகலாம் என்றுதானே விட்டிருந்தார்கள்? இதற்கு ஏன் எல்லாரும் இப்படி அழுகிறார்கள்? அவன் ஓடுகிறான் என்றுதானே அப்பா சொன்னார்?

வெகுநாள் வரைக்கும், சந்தில் யாராவது ஓடிவரும் சத்தம் கேட்டால், படிப்பதை நிறுத்திவிட்டு நான் ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பேன்.