கோதுமை எந்த வழியாக வந்தது

குமுதா எந்தப் பொட்டலத்தையும் முன்பக்கம் பார்த்து வாங்குவதில்லை. கையில் எடுத்ததும் குப்புறத் திருப்புவாள். வலது கட்டைவிரல் நகத்தைப் பொடி எழுத்து வரியின் அடியில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர்த்துவாள். உதடு லேசாக அசையும். சீன எழுத்து வந்தால் நகம் அங்கேயே நிற்கும். பக்கத்தில் யாராவது சீன அக்கா வரும்வரை நிற்கும். கோதுமைக்கு மலாயில் கந்தும். அந்தச் சொல் கண்ணில் பட்டுவிட்டால் பொட்டலம் அடுக்குக்குத் திரும்பிவிடும், தலைகீழாக. நேராக வைக்க அவளுக்குத் தோன்றாது.

"சாமான் வாங்க வந்தியா, பரீட்சைக்குப் படிக்க வந்தியா?" தள்ளுவண்டியில் சாய்ந்துகொண்டு அவள் கணவன் கோகுலன் கேட்பான்.

பரீட்சைதான். ஒன்பது வயது மகள் லோஷினிக்குக் கோதுமை ஆகாது என்று போன வருடம் டாக்டர் சொன்னார். தடிப்பு, அரிப்பு என்ற சமாச்சாரம் இல்லை. கோதுமை உள்ளே போனால் அவள் உடம்பே அவள் குடலை அரித்துவிடும். ஒரு துணுக்கு போதும். கெலுகோர் அடுக்குமாடியின் எட்டாவது மாடி வீட்டிலிருந்து ரொட்டி, மீ நூடுல்ஸ், பிஸ்கட், சோயா சாஸ் எல்லாம் ஒரே நாளில் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின.

ரொட்டிக்காரரை மட்டும் அனுப்ப முடியவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குக் கீழே அவருடைய மோட்டார் ஹாரன் அடிக்கும். முன்பெல்லாம் லோஷினி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவாள். இப்போது ஹாரன் கேட்டதும் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அழுவதில்லை. அழுதிருந்தால் குமுதாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அம்மா சுட்டுத் தரேன் இரு," என்று ஒருநாள் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

சொல்லிவிட்டாளே தவிர, கோதுமை இல்லாத மாவு ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. முதல் ரொட்டி செங்கல். இரண்டாவது, வெட்டியதும் மணலாக உதிர்ந்தது. ஏதோ ஒரு விதையின் உமியைப் போட்டால் பசை பிடிக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தாள். ஜார்ஜ் டவுனில் பேக்கரிச் சாமான் விற்கும் மூன்று கடைகளிலும் அது இல்லை. செபராங் ஜெயாவில் அவள் வேலைபார்த்த ஆபீஸுக்குப் பக்கத்துக் கடையில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. இணையத்தில் வரவழைத்த டப்பாவின் அடியில், கோதுமை கையாளும் ஆலையில் அடைக்கப்பட்டது என்று எறும்பு எழுத்தில் இருந்தது. நகம் அங்கே வந்து நின்றது.

கடைசியில் லிட்டில் இந்தியாவில், காஜா மொய்தீனின் மளிகைக் கடையில், கைப்பேசிப் படத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது இசப்கோல் உமி தங்கச்சி. மலச்சிக்கலுக்குக் குடிக்கிறது. மேல ரெண்டாவது தட்டுல வரிசையா நிக்குது பாருங்க."

"ரொட்டிக்குண்ணே."

"ரொட்டிக்கா! சாப்பிட்டவன் கக்கூஸுக்கு ஓட வேண்டியதுதான் லா!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குமுதா சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் திரும்ப மூக்குக்கு இறக்கினார். ரொட்டிக்கு வேண்டிய கம்பும் அரிசியும் எங்கே அரைப்பீர்கள் என்று கேட்டார். பின்கட்டில் ஓடும் பெரிய மிஷினில் கோதுமை அரைக்கிறோம், அது ஆகாது என்றும் அவரே சொன்னார்.

"மல்லி அரைச்ச சின்ன மிஷின் ஒண்ணு சும்மா கிடக்கு. கழட்டிக் கழுவி உங்களுக்குன்னே வச்சிடுறேன். காலைல பெரிய மிஷினைப் போடுறதுக்கு முந்தி அரைச்சிடலாம். சரியா?"

ஏழாவது ரொட்டி எழும்பியது. அடுப்புக் கண்ணாடி வழியாக, மாவு டின்னின் விளிம்பைத் தாண்டுவதை அம்மாவும் மகளும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். ஆறுவதற்கு முன்பே லோஷினி பிய்த்தாள். உதிரவில்லை. பிய்ந்தது. அன்று ஹாரன் அடித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

ஆனால் வயிறு விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள், காலையில் சுருண்டுகொள்வாள். அடுப்பு மேடை மூலையில் லேபிள் உரிந்துபோன பாட்டிலிலிருந்து இரண்டு சிட்டிகை பெருங்காயத்தூளை மோரில் கலக்கிக் கொடுப்பாள் குமுதா. அதைக் குடிக்க மட்டும் லோஷினி அடம்பிடிப்பதில்லை.

ஆறாவது மாத இரத்தப் பரிசோதனையில், இறங்கியிருக்க வேண்டிய எண் ஏறியிருந்தது.

"எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது," என்றார் டாக்டர். இன்னும் மூன்று மாதம் பார்ப்பதாகவும், அப்போதும் இறங்காவிட்டால் மறுபடி வாய் வழியாகக் குழாய்விட்டுப் பார்க்க வேண்டும் என்றும், அதன் பிறகு கடுமையான மருந்துதான் என்றும் சொன்னார். குழாய் என்ற சொல்லைக் கேட்டதும் லோஷினி அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டாள். போன தடவை நான்கு பேர் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பரிசோதனைத் தேதியைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினார்கள். மாக் மண்டினில் உள்ள தொழிற்சாலையிலிருந்து வந்த கோகுலன் காலணியைக் கழற்றாமலே அதைப் படித்தான்.

"அந்த மில்லு மாவுதான். நம்ம வீட்டுக்குள்ள லேபிள் இல்லாம வர்றது வேற என்ன இருக்கு? சொல்லு."



சனிக்கிழமை காலை அவள் கடைக்குள் நுழைந்தபோது கூட்டம் இருந்தது. காஜா மொய்தீன் ஒருவருக்குச் சீரகம் நிறுத்துக்கொண்டிருந்தார். குமுதா யாரிடமும் கேட்காமல் பின்கட்டுக்குப் போனாள். பெரிய மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எட்டடி தள்ளி, தகரத் தடுப்புக்கு அப்பால், சின்ன மிஷின். அதன் வாயில் மாட்டியிருந்த துணிப்பையில் மார்க்கர் பேனாவால் 'குமுதா' என்று எழுதியிருந்தது. மிஷினின் தோளில் மெல்லிய வெள்ளைத் தூள். அவள் விரலால் தொட்டாள்.

"இது என்னண்ணே?" பின்னாலேயே வந்துவிட்ட அவரிடம் விரலை நீட்டினாள்.

"அரிசி மாவு தங்கச்சி. காலைல உங்களுக்குத்தான் அரைச்சேன்."

"அரிசின்னு யாருக்குத் தெரியும்? அங்க கோதுமை பறக்குது, இங்க வந்து உக்காருது. என் பிள்ளைக்கு இரத்தத்துல நம்பர் ஏறிப்போச்சு. மறுபடி குழாய் விடணும்கிறாங்க."

"தடுப்பு அடிச்சிருக்கேன் பாருங்க. மூடித்தான் வைக்கிறேன்."

"தகரத்தை அடிச்சா தூள் நிக்குமா? ஒன்பது வயசுப் பிள்ளைண்ணே! உங்க பிள்ளைன்னா இப்படி வைப்பீங்களா?"

சீரகத்துக்கு நின்றவர் எட்டிப் பார்த்தார். சாம்பிராணி வாங்க வந்த அம்மாள் ஒருத்தி, "என்னவாம்?" என்று இன்னொருத்தியைக் கேட்டாள். காஜா மொய்தீனின் முகம் இறுகியது. அவர் குரலை உயர்த்தவில்லை. போய்ப் பெரிய மிஷினை நிறுத்தினார். திடீரென்று கடையே காது கேளாமல் போனதுபோல் இருந்தது.

"வேற எதுலயும் இல்லைன்னு நல்லாத் தெரியுமா தங்கச்சி?"

"வீட்டுல இருக்கிற ஒவ்வொரு பாக்கெட்டும் நான் படிச்சிருக்கேன்."

"அப்ப சரி," என்றார். "நான் கழுவுனது பத்தலபோல. இனி அரைக்கல." மிஷின் வாயிலிருந்து துணிப்பையைக் கழற்றி, நான்காக மடித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலையே, அவள் சொல்லி அவரிடம் கோதுமையில்லாத மாவு வாங்கிக்கொண்டிருந்த நான்கு பெண்களுக்கும் குமுதா செய்தி அனுப்பினாள். நால்வரும் நிறுத்தினார்கள்.

பிறகு மூன்று மாதம் அவள் யாரையும் நம்பவில்லை, தன் சமையலைக்கூட. சாம்பார் இல்லை, ரசம் இல்லை, ரொட்டி இல்லை. கஞ்சி, அவித்த முட்டை, வாழைப்பழம், உப்புப் போட்ட மீன். ஐந்தரை ஹாரனுக்கு லோஷினி மறுபடி கதவைச் சாத்தினாள். ஆனால் வயிறு அடங்கியது. மோருக்கு வேலையே வரவில்லை.

தேதி வந்தது. இரத்தம் எடுக்கும்போது லோஷினி சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தையே பார்த்தாள். ஒரு வாரம் கழித்து டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. குழாய் வேண்டாம்.

"மில்லு மாவை நிறுத்தினோம் டாக்டர்," என்றாள் குமுதா. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"நான்தான் சொன்னேனே," என்றான் கோகுலன், பாலத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டே, இரண்டு தடவை.

வெளிநாட்டிலிருந்து வரும், முத்திரை குத்தி அடைத்த மாவை வரவழைத்தார்கள். ரொட்டி மறுபடி எழும்பியது. மாதக்கணக்கில் நடுங்கிக்கொண்டிருந்த வீடு மெதுவாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை பெருங்காயம் மணக்கச் சாம்பார் வைத்தாள். திங்கள் ரசம். புதன் மறுபடி சாம்பார்.

வியாழக்கிழமை காலை, பள்ளிச் சட்டையோடு லோஷினி கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

"அம்மா, வயிறு."

குமுதாவின் கை தானாக மூலைப் பாட்டிலுக்குப் போனது. தட்டினாள், கவிழ்த்தாள். அடியில் ஒட்டியது தவிர ஒன்றுமில்லை. மில்லு மாவு வீட்டில் இல்லை. பிறகு எது? அந்தக் கேள்வியை வாயில் வைத்துக்கொண்டே கோகுலனைக் கீழே விரட்டினாள். அவன் மூச்சு வாங்கப் புது டப்பாவோடு வந்தான்.

"சீக்கிரம் குடு, பிள்ளை துடிக்குது."

மூடியைத் திருகப் போன கை, பழக்கத்தில் டப்பாவைத் திருப்பியது. நகம் வரியின் அடியில் போய் உட்கார்ந்தது. பிறகு நகரவில்லை.

"என்னா?" என்றான் கோகுலன். "என்னா குமுதா?"

கடையில் டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் வெறும் பெருங்காயம் அல்ல. முதல் சொல் கந்தும், கோதுமை. அடுத்தது பிசின். பெருங்காயம் மூன்றாவதாகத்தான் வந்தது.